விசிலுக்காகக் காத்திருந்த எலும்பு

என் கால்சட்டைப் பையில் மறுபடியும் ஓட்டை விழுந்துவிட்டது. காலையில் துவைக்கப் போட எடுத்த என் மனைவி, அந்த ஓட்டைக்குள் விரலை விட்டு என் முகத்துக்கு நேராக ஆட்டிக் காட்டினாள். "அத ஒரு டப்பாவுல போட்டு வைங்கன்னு எத்தன தடவ சொல்றது? இந்த வயசுல கோலிக்குண்டு வச்சிருக்கிற மாதிரி பையிலயே வச்சிக்கிட்டு" என்றாள். அவள் 'அது' என்றது அதற்குள் கட்டிலுக்கு அடியில் உருண்டு போயிருந்தது. முட்டி வலிக்கக் குனிந்து, தரையைத் தடவித் தேடி எடுத்தேன். சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்று நீளம், அவ்வளவுதான். டைட்டானியத்தில் செய்த சின்னத் திருகு. உன் மேல்தாடையில் நான் முடுக்கிய இரண்டில் ஒன்று.

டேய், நீ இருந்திருந்தால் என் மனைவி பக்கம்தான் தீர்ப்புச் சொல்லியிருப்பாய். ஆனாலும் என்னால் இதை டப்பாவில் போட முடியவில்லை. ஃபெடரல் ஹைவே நெரிசலில் வண்டி நகராமல் நிற்கும்போது என் விரல்கள் தாமாகவே பைக்குள் போய்விடுகின்றன. வங்கி வரிசையில், கோயிலில் தீபாராதனைக்குக் காத்திருக்கும்போது, பேரப்பிள்ளையின் பள்ளி வாசலில், எங்கே நின்றாலும் இதை உருட்டிக்கொண்டுதான் நிற்கிறேன். இதன் மரைகளுக்கு நடுவில் கொஞ்சம் வெள்ளை ஒட்டியிருக்கிறது. அந்த வெள்ளையைப் பற்றி உன்னிடம் பேசாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

சும்மா இருக்கத் தெரியாதவர்கள் என்று பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் நம் இருவருக்கும் சேர்த்தே பெயர். என் தாத்தா தண்டவாளத்தில் கல் கொட்டினவர். உன் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஸ்டேஷனில் பேனா பிடித்தவர். உன் வீட்டில் 'ஓம்', என் வீட்டில் 'ஆமா'. ஆனால் பந்து உருளும்போது மொழியும் கிடையாது, தாத்தாவும் கிடையாது. நீ கோல் காவல். அரைக்கால்சட்டை போட்ட வயதில் தொடங்கி, வேலைக்குப் போய்க் கல்யாணம் ஆன பிறகும் நீ அந்தக் கம்பங்களுக்கு நடுவில்தான் நின்றாய். ஒரு நாள் எவனோ ஒருவனுடைய காலணி உன் வலது கன்னத்தில் இறங்கியது. மேல்வரிசையில் கடைவாய்ப் பக்கத்துப் பற்கள் உடைந்து போயின. அப்போது நான் புதிதாகப் பல் டாக்டர் ஆகியிருந்தேன். மிச்சத்தைப் பிடுங்கி எடுத்தது நான்தான். "பல்லா, இதுக்குத்தானே நீ படிச்சனி" என்று வீங்கிய வாயோடு சிரித்தாய். அன்றிலிருந்து நான் உனக்குப் பல்லன்.

காவல் நிற்பதை விட்டதும் விசிலை எடுத்துக்கொண்டாய். வாரநாளில் அரசாங்க அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி, ஞாயிற்றுக்கிழமை நடுவர். செமினி, காப்பார், கிள்ளான் என்று எங்கே ரப்பர் தோட்டத்து அணிகள் ஆடினாலும் உன் பழைய காரின் பின்னிருக்கையில் கறுப்புச் சட்டையும் கால்சட்டையும் தொங்கும். வாயின் வலது ஓரத்தில் விசிலைக் கடித்துக்கொண்டுதான் ஓடுவாய். பித்தளை விசில். உடைந்த பற்களுக்குப் பதிலாக நான் செய்து கொடுத்த, கழற்றிப் பூட்டும் பல்செட்டின் மேல் அதை அழுத்திக் கடிக்காதே என்று எத்தனையோ தடவை சொன்னேன். "இடது பக்கம் வச்சு ஊதேன்டா" என்றால், "நீ இடக்கையால கையெழுத்து வைப்பியோ?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவாய்.

காப்பாரில் நடந்ததை நீ சொன்னதைவிட மற்றவர்கள் சொன்னதுதான் அதிகம். பெனால்ட்டி கொடுக்க மூச்சை இழுத்து ஊதியிருக்கிறாய். விசில் ஒரு பக்கம், பல்செட் ஒரு பக்கம். பாடாங் திடல் முழுக்கச் சிரிப்பு. எதிரணிக்காரன் ஒருவன் புல்லில் தேடி எடுத்து, இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "ரெஃப்ரி, ஒங்க பல்லு லா!" என்று கொடுத்திருக்கிறான். அதற்குப் பிறகு அந்த ஆட்டத்தில் நீ கொடுத்த ஒரு முடிவையும் யாரும் மதிக்கவில்லையாம்.

மறுநாள் காலையில் என் கிளினிக்குக்கு வந்து நின்றாய். என்னிடம் வேலை பார்த்த லெட்சுமி உள்ளே வந்து, "டாக்டர், ஒங்க கூட்டாளி வந்திருக்காரு. உக்காருங்கன்னா உக்கார மாட்றாரு, நடந்துகிட்டே இருக்காரு" என்றாள். நீ கதவைத் திறந்துகொண்டு வந்து, பல்செட்டை என் மேசைமேல் வைத்தாய்.

"இது வேண்டாம். எலும்புக்குள்ள ஆணி அடிக்கிற பல்லு இருக்குதாமே. அதைப் போடு."

"ஆணி இல்லடா, திருகு."

"என்ன இழவோ. தீபாவளிக்கு முன்னம் ஃபைனல். இந்த வருசத்தோட எனக்கு வயசெல்லை. அந்த ஃபைனல்ல நான் விசில் ஊத வேணும்."

அதுதான் உன் கணக்கு. அந்த வருடம் முடிந்தால் நடுவர் சங்கத்து விதிப்படி நீ பெரிய ஆட்டங்களுக்கு நடுவராக நிற்க முடியாது. இத்தனை வருடத்தில் இறுதி ஆட்டம் ஒன்றுகூட உனக்குக் கிடைத்ததில்லை. கடைசி வாய்ப்பாக அந்த வருடம்தான் உன் பெயரைச் சொல்லியிருந்தார்கள். அதை வாங்கிக்கொண்டு, பல் பறக்கும் நடுவராகப் போய் நிற்க உனக்கு மனம் இல்லை. எனக்கும் இல்லை, உண்மையைச் சொன்னால்.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தேன். பல் போன இடத்தில் எலும்பு கரைவது இயற்கை. அதிலும் மேல்தாடையின் பின்பக்கம் பிறவியிலேயே மெத்து. அதற்கு மேலே கன்னத்துக்குள் காற்று நிறைந்த ஓர் அறை. உனக்கு அந்த அறையின் தரை இறங்கி வந்து, நடுவில் கொஞ்சம் புரைபுரையான எலும்புதான் மிச்சம் இருந்தது. கீழ்த்தாடையில்தான் அதுவரை நான் திருகு வைத்திருந்தேன். அங்கே எலும்பு முறைத்துக்கொண்டு நிற்கும், அதனோடு மல்லுக்கட்டலாம். இங்கே மல்லுக்கட்டினால் நொறுங்கிவிடும்.

இதை உனக்கு விளங்க வைக்கக் கீழே கோப்பிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பெங்காலி ரொட்டி ஒன்றை வெட்டாமல் முழுசாகக் கொண்டுவரச் சொன்னேன். ஞாபகம் இருக்கிறதா? கடைக்காரர் நம்மை ஒரு மாதிரி பார்த்தார்.

"பாரு. மேல மட்டும் மொறுமொறுன்னு ஓடு. உள்ள பஞ்சு. இதுல நான் ட்ரில்ல விட்டு நோண்டினா என்னா ஆவும்?" கரண்டிக் காம்பைச் சுழற்றிக் காட்டினேன். ரொட்டித் துகள் தட்டில் கொட்டியது. "இருக்கிற கொஞ்ச எலும்பும் வெளிய வந்துரும். திருகு ஆடும். ஆடினா ஒட்டாது."

"அப்ப?"

ரொட்டியின் இன்னொரு பக்கத்தைத் திருப்பினேன். மெல்லிய குச்சியால் ஒரு துளை போட்டு, அதற்குள் விரலை வைத்து மெதுவாக அழுத்தினேன். பஞ்சு விலகி, சுற்றிலும் அமுங்கி, இறுகிய சுவராக நின்றது. ஒரு துளிகூட வெளியே வரவில்லை. நீ என் கையைத் தட்டிவிட்டு உன் விரலை விட்டுப் பார்த்தாய். பிறகு அந்தச் சுவரை நகத்தால் சுரண்டிப் பார்த்தாய்.

"ஓமடா. இறுகித்தான் இருக்கு."

"அதான் விசயம். எடுக்கக் கூடாது, ஒதுக்கணும். மேலோட்டையும் அகலமா வெட்டக் கூடாது, கெட்டியா இருக்கிறதே அது ஒண்ணுதான். துளை திருகவிடச் சின்னதா இருக்கணும். திருகோட நுனி மேல அந்த அறையோட தரையப் போயி தொடணும். அப்பதான் ரெண்டு முனையிலயும் பிடிப்பு கெடைக்கும்."

"எவ்வளவு நேரம் எடுக்கும்?"

"திருகு வைக்க ஒரு காலைப் பொழுது. ஒட்டுறதுக்கு ஆறு மாசம்."

நீ ரொட்டியைத் தட்டில் போட்டாய். விசாகம் நெருங்கிக்கொண்டிருந்த நேரம். விரலை மடக்கி மடக்கி எண்ணினாய். ஆறு மாதம் தீபாவளியைத் தாண்டிப் போனது. "கீழ்த்தாடைக்கு எவ்வளவு?" என்று கேட்டாய். "அதுல பாதி போதும்" என்றேன். "அப்ப நாலு மாசத்தில பாப்பம்" என்று நீயே ஒரு தீர்ப்பைச் சொல்லிவிட்டு, துளை போட்ட ரொட்டியைத் தேநீரில் தோய்த்துத் தின்றாய். நான் சரி என்று சொல்லவில்லை. சொல்லவில்லை என்பதை நீ கடைசிவரை ஒப்புக்கொள்ளவும் இல்லை.

அந்தக் காலையில் என்னைவிட லெட்சுமிதான் நிதானமாக இருந்தாள். ஈறைத் திறந்து, மெல்லிய ட்ரில்லால் வழி மட்டும் போட்டுவிட்டு அதை எடுத்து வைத்துவிட்டேன். பிறகு எலும்பை ஒதுக்கும் கம்பிகள். ஒன்றைவிட ஒன்று சற்றே தடித்தவை, நுனி குழிந்தவை. நான் கம்பியைப் பிடிக்க, அவள் சின்னச் சுத்தியலால் தட்டுவாள். டொக். நிறுத்தம். டொக். நிறுத்தம். எலும்பு விலகிக் கொடுக்க அவகாசம் வேண்டும். நிறுத்தாமல் தட்டினால் வெடித்துவிடும். என் கை பரபரத்தது. 'இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று' என்று மனம் முந்திக்கொண்டே இருந்தது. லெட்சுமி என் முகத்தைப் பார்ப்பாள், நான் தலையசைத்த பிறகுதான் அடுத்த தட்டு.

"டேய், என்ர மண்டைக்குள்ள ஆரோ வீடு கட்டுறான்" என்று திறந்த வாயோடு உளறினாய்.

"சும்மா இரு லா. வீடுதான் கட்றோம்."

திருகைக் கையாலேயே, மெதுவாக, அதன் மரையே தனக்கு வழி வெட்டிக்கொள்ளும்படி முடுக்கினேன். கெட்டி எலும்பாக இருந்தால் முதலில் மரை வெட்டிவிட்டுத்தான் வைப்போம். இங்கே அது ஆகாது. முதல் சுற்றுகளில் ஒரு தடையும் இல்லை, வெண்ணெயில் போவது போலப் போயிற்று. பிடிப்பே இல்லையே என்று பயந்தேன். கடைசிச் சுற்றில், நுனி மேலே போய்த் தொட்ட இடத்தில், கை நின்றது. நின்ற அந்தக் கணத்தை என் விரல்கள் இன்னும் மறக்கவில்லை. இரண்டாவதும் அப்படியே நின்றது. ஈறை மேலே மூடித் தைத்தேன்.

பிறகு உனக்குச் சொன்னேன். மூக்கைச் சிந்தாதே. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மு. பல்செட் போடாதே. பலூன் ஊதாதே, விசிலைத் தொடாதே. எலும்புக்கும் காற்றறைக்கும் நடுவே ஒரு சவ்வுதான் இருக்கிறது, உள்ளே அழுத்தம் ஏறினால் கிழிந்துவிடும். "நான் என்ன ஓதுவாரோ, சங்கு ஊதுறவனோ?" என்று கேட்டாய். "அவங்களவிட மோசம், நடுவர்" என்றேன். உன் மனைவி புனிதம் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். "விசிலை நான் எடுத்து ஒளிச்சு வைக்கிறன் அண்ணை" என்றாள். வீட்டில் இருந்ததை ஒளித்தும் வைத்தாள். காரில் இன்னொன்று இருந்தது அவளுக்குத் தெரியாது.

முதல் மாதம் முடிவதற்குள் கிள்ளானில் அது நடந்தது. நீ சும்மா ஆட்டம் பார்க்கத்தான் போனாய், நம்புகிறேன். கோல் சண்டை முற்றி, பார்வையாளர்கள் உள்ளே இறங்கி, நாற்காலிகள் பறந்தபோது அன்றைய நடுவர் காரை நோக்கி ஓடிவிட்டார். நீ பாடாங் நடுவில் போய் நின்று, இரண்டு கையையும் தூக்கி ஊதியிருக்கிறாய். அத்தனை பேரும் அப்படியே நின்றுவிட்டார்களாம். மறுநாள் மூக்கில் கைக்குட்டையோடு வந்தாய். கைக்குட்டையில் ரத்தம்.

நான் கத்தினேன். வெளியே காத்திருந்தவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும். "அறிவிருக்கா ஒனக்கு? வாயால கத்தியிருக்கலாம்ல?"

"கத்தினா ஆர் கேப்பினம்? விசிலுக்குத்தான் நிப்பினம். ஒருத்தன் கதிரையத் தூக்கி மற்றவன்ர தலையில போடப் போறான். நான் பல்லைப் பாக்கிறதோ, தலையைப் பாக்கிறதோ?"

உன் மேல் கோபமும் பெருமையும் ஒன்றாக வந்தால் நான் என்ன செய்வேன்? எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தேன். திருகுகள் இருந்த இடத்தில்தான் இருந்தன. ஆனால் ஒட்டத் தொடங்கிய எலும்பு அசைந்ததா, அசையவில்லையா என்பதைப் படம் சொல்லாது.

"திறந்து பாரன்."

"திறந்தா கெட்டுரும்."

"பாக்காட்டி எப்பிடித் தெரியும்?"

"தெரியாது. காத்திருந்துதான் தெரியும்."

விதை முளைத்ததா என்று தினமும் தோண்டிப் பார்ப்பவன் கதையை உனக்குச் சொன்னேன். எனக்கே அந்தக் கதை ஆறுதலாக இல்லை. அந்த மாதங்களில் எனக்குச் சரியான தூக்கம் இல்லை. வேறு யாருடைய வாயைத் திறந்தாலும் உன் வலது மேல்தாடைதான் தெரிந்தது. பிளாஸ்டர் பல் அச்சின் மேல் தட்டி ஒலி கேட்பதும், மேசையைத் தட்டிக் கேட்பதுமாக ஆகிவிட்டேன். ஒட்டிய திருகு கணீர் என்று ஒலிக்கும், ஒட்டாதது பொத்தென்று ஒலிக்கும். உன்னுடையவை ஈறுக்கு அடியில் புதைந்து கிடந்தன, தட்டிப் பார்க்கவும் வழியில்லை.

இறுதி ஆட்டத்துக்குச் சில வாரம் முன்பு நீயும் புனிதமும் வந்தீர்கள். அன்று நீ நடக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, முழங்காலில் கை வைத்து, மெதுவாகக் கேட்டாய்.

"பல்லு வேண்டாம்டா. இடது பக்கமா ஊதுறன். வீட்டில பழகிப் பாக்கிறன். அந்த ஒரு ஆட்டம் மட்டும். விடு."

இடது பக்கம். கையெழுத்தை இடக்கையால் போட ஒப்புக்கொண்டாய், டேய். அந்த வாய் அப்படிக் கேட்கும் என்று நான் நினைத்ததே இல்லை. புனிதம் என்னைப் பார்க்காமல் சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் முடியாது என்றேன். ஒரு தடவை ரத்தம் வந்துவிட்டது. ஓடி, மூச்சிரைத்து, முழு ஆட்டமும் ஊதினால் சவ்வு தாங்குமா என்று எனக்குத் தெரியாது. யாராவது முழங்கையால் இடித்தால்? அந்த மெத்து எலும்பு என்ன செய்துகொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரியாததால்தான் முடியாது என்றேன்.

"ஆட்டத்தில நேரத்தைக் கூட்டுறது என்ர வேலை. நீ என்ர நேரத்தைக் குறைக்கிறாய்" என்றாய். எழுந்து போய்விட்டாய். படியில் உன் காலடிச் சத்தம் கடைசிவரை கேட்டது.

இறுதி ஆட்டத்துக்கு நான் தனியாகப் போனேன். நீ வரமாட்டாய் என்று நினைத்துத்தான் போனேன். கயிற்றுக்கு வெளியே, கோல் கம்பத்துக்குப் பின்னால், நீ காக்கிக் கால்சட்டையோடு நின்றுகொண்டிருந்தாய். கண் கைக்கடிகாரத்தில் இருந்தது. நான் வந்து பக்கத்தில் நின்றதை நீ கவனித்தாய், திரும்பவில்லை. உனக்குப் பதிலாக நின்ற நடுவர் முடிவு விசிலை ஊதினார். ஒரு பக்கம் பட்டாசு வெடித்தது. நீ கடிகாரத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாய்.

"இன்னும் நேரம் இருக்கு. வீணாப்போன நேரத்தை இவன் கூட்டேல்லை."

அதன் பிறகு நீ என்னோடு பேசியது, ஆறு மாதம் முடிந்து ஈறைத் திறந்த நாளில்தான். திருகுகளின் மேல் சின்னத் தூண்களைப் பூட்டிவிட்டு, வாய்க்குள் பார்க்கும் கண்ணாடியின் கைப்பிடியைத் திருப்பி முதலாவதைத் தட்டினேன். கணீர். லெட்சுமி மூச்சை விட்டது எனக்குக் கேட்டது. இரண்டாவது. கணீர். உன் கண்ணில் தண்ணீர் வந்ததை வெளிச்சம் பட்டதனால் என்று சொன்னாய். "இன்னொருக்கா தட்டு" என்றாய். தட்டினேன். "இன்னொருக்கா." நீ கேட்கக் கேட்கத் தட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போதும் உன்னை உடனே விடவில்லை. முதலில் பிளாஸ்டிக் பல், மெத்தென்ற சாப்பாடு. கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் ஏற்றினால் அந்த எலும்பு கொஞ்சம் கொஞ்சமாக இறுகும். பிறகுதான் பீங்கான் பல். அதைப் பூட்டிய அன்று, நாற்காலியை விட்டு இறங்குவதற்கு முன்பே சட்டைப் பையிலிருந்து பித்தளை விசிலை எடுத்து வலது ஓரத்தில் கடித்து ஊதினாய். லெட்சுமி கையில் இருந்த தட்டு கீழே விழுந்தது. கீழே இருந்த பூக்கடைக்காரர்கள் போலீஸ் என்று நினைத்து மேலே ஏறி வந்தார்கள். நான் சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

உனக்கு இறுதி ஆட்டம் திரும்ப வரவில்லை. கோயில் திருவிழா ஓட்டப் பந்தயத்துக்கும், பள்ளி விளையாட்டுக்கும், கிராமத்துப் பிள்ளைகள் வெறுங்காலோடு ஆடும் ஆட்டத்துக்கும் வருடக்கணக்கில் ஊதினாய். ஒருநாள்கூட என்னைக் குறை சொல்லவில்லை. தேநீர் குடிக்கும்போது மட்டும், ரொட்டி வந்தால், அதில் விரலால் ஒரு குழி அழுத்திவிட்டு என்னைப் பார்ப்பாய். அது மன்னிப்பா, குத்தலா என்று எனக்கு விளங்கவே இல்லை. கேட்கவும் பயம்.

நீ போனது நெஞ்சு வலியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தபோது. புனிதம் உன் சட்டைப் பையில் அந்த விசிலை வைத்துத்தான் செராஸ் மயானத்துக்கு அனுப்பினாள்.

மறுநாள் எலும்பு பொறுக்கப் போனோம். காலிலிருந்து தொடங்கித் தலைவரை எடுக்க வேண்டும் என்று பூசகர் சொல்லச் சொல்ல எடுத்தோம். நெஞ்சுப் பக்கத்தில் விசில் கறுத்துக் கிடந்தது. உள்ளே இருந்த தக்கை உருண்டை எரிந்துபோய்விட்டது. தலைப்பக்கம் வந்தபோது சாம்பலில் என் விரலில் ஏதோ குத்தியது. எடுத்துத் துடைப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. கொஞ்சம் தள்ளி இரண்டாவதும் கிடந்தது.

பூசகர் எட்டிப் பார்த்தார். "இதெல்லாம் இரும்பு சாமானுங்க. ஒடம்பு இல்ல. தனியா வச்சிருங்க."

"ஒடம்புதாங்க" என்றேன். "எலும்பு பிடிச்சது. எலும்போட எலும்பா ஆனது." அவர் நான் துக்கத்தில் உளறுகிறேன் என்று நினைத்திருப்பார். நான் வாழ்க்கையில் அவ்வளவு துல்லியமாக எதையும் சொன்னதில்லை.

புனிதம் இரண்டையும் உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தாள். "இது அவர்ர பல்லோ அண்ணை?" என்று கேட்டாள். "பல்லோட வேரு" என்றேன். ஒன்றை எலும்புகளோடு கலயத்தில் போட்டாள், விசிலையும் அதன் பக்கத்தில் வைத்தாள். இன்னொன்றை என் கையில் வைத்து என் விரல்களை மடக்கிவிட்டாள். அன்று பிற்பகல் கிள்ளான் துறைமுகத்துப் பக்கம் படகில் போய்க் கடலில் கரைத்தோம்.

வீட்டுக்கு வந்து திருகைத் தண்ணீரில் கழுவினேன். பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். வேலைக்கு வைத்திருக்கும் பூதக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். மரைகளுக்கு நடுவில் வெள்ளையாக ஏதோ இருந்தது. ஊசி முனையால் நோண்டினேன், வரவில்லை. உன் எலும்பு. எக்ஸ்ரேயில் ஒரு நிழல்போலத் தெரிந்து என்னைப் பயமுறுத்திய அதே மெத்து எலும்பு. உடம்பு முழுக்க எரிந்த பிறகும் அது திருகை விடவில்லை.

அதைப் பார்த்து நான் நிம்மதியாகியிருக்க வேண்டும். ஆகவில்லை, டேய். ஒரு நாள் அதைப் பார்த்தால், 'பார், காக்க வைத்தாய், அதனால்தான் இப்படிப் பிடித்தது' என்கிறது. அடுத்த நாள் அதையே பார்த்தால், 'இவ்வளவு கெட்டியாகப் பிடித்த எலும்பு அந்த ஒரு ஆட்டத்தைத் தாங்கியிருக்காதா?' என்கிறது. இப்போதெல்லாம் சிலருக்குத் திருகு வைத்த அன்றே தற்காலிகப் பல்லைப் பூட்டி அனுப்புகிறார்கள். திருகு எவ்வளவு உறுதி என்று கருவி எண்ணாகக் காட்டிவிடுகிறது. இளம் டாக்டர்கள் அந்த எண்ணைப் பார்க்கிறார்கள். நானும் பார்க்கிறேன். பார்த்துவிட்டு, அவர்கள் திரும்பியதும், கண்ணாடிக் கைப்பிடியால் ஒரு தரம் தட்டிக் கேட்கிறேன்.

சென்ற வாரம் ஒருவர் வந்தார், மேல்தாடை, பின்பக்கம், மெத்து எலும்பு. மகள் கல்யாணத்துக்கு முன்னால் பல் வேண்டுமாம். உன்னைப் போலவே விரலை மடக்கி எண்ணினார். முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தவன், கையைப் பைக்குள் விட்டேன். திருகு விரலில் பட்டது. "இருங்க, ஒழுங்கா அளந்து பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன். பயத்தில் ஒரு பதிலும், ஆசையில் ஒரு பதிலும் சொல்லாமல் இருக்க நீதான் என்னைப் பழக்கிவிட்டாய். அன்று உனக்கு அப்படிச் சொல்ல என்னால் முடியவில்லை, அளக்க அப்போது என்னிடம் ஒன்றும் இல்லை.

என் மனைவி இப்போதுதான் கால்சட்டையைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறாள். முணுமுணுத்துக்கொண்டே பைக்கு உள்ளே தடித்த துணி வைத்துத் தைத்திருக்கிறாள். டப்பாவைப் பற்றி மறுபடி பேசவில்லை. திருகைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

நான் செய்தது சரியா தப்பா என்று நீதான் ஊதிச் சொல்ல வேண்டும், டேய். உன் விசிலோ கிள்ளான் கடலுக்கு அடியில் கிடக்கிறது. நீ ஊதும்வரைக்கும் நான் கயிற்றுக்கு வெளியே, கோல் கம்பத்துக்குப் பின்னால், உன் பக்கத்தில் நிற்கிறேன். இன்னும் நேரம் இருக்கிறது.